வண்டலூரில் பூட்டிய வண்டி

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டி மறைமலை நகர் வருகிறது. இந்த வழிக்கும் மோட்டார் காருக்கும் என்ன உறவு என்று யாரைக் கேட்டாலும் ஃபோர்டு தொழிற்சாலையைத்தான் கைகாட்டுவார்கள். 1999-ல் அங்கிருந்து ஐகான் கார் வந்தது, 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியேறியது, இந்தப் பக்கத்தின் கார் கதை அவ்வளவுதான் என்பது பொதுவான நினைப்பு. இந்தக் கணக்கு அரை நூற்றாண்டு பிசகியது. மறைமலை நகர் என்ற ஊரே கிளம்பாத காலத்தில், அதற்கு வடக்கே சில கல் தொலைவில், வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே கார் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஆலை இன்று இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த மண்ணில் ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துவிட்டன. அங்கே என்ன நடந்தது என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியாக எஞ்சியிருப்பவை, அங்கே செய்த கார்களின் தகட்டு உடல்கள். ஆகவே பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைப் புதுப்பிக்கக் கை வைப்பவர் ஓர் ஆவணத்தின்மேல் கை வைக்கிறார். அந்த உடலைப் புத்தம் புதிதாக்கிக் காட்டுவதைவிட, இருக்கும் தகட்டை முடிந்தவரை காப்பாற்றி நிமிர்த்துவதே முறை என்பது என் வாதம். இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் வலுவானவை என்பதால், அவற்றையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் அதில் கூட்டாளிகள். முதலில் வேன்கார்டு காரை உதிரிகளாக இறக்கி இங்கே பூட்டினார்கள். 1953-ல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரை வந்தது. படிப்படியாக உள்நாட்டிலேயே செய்வதற்குத் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்கள் மட்டுமே இந்தியாவில் கார் தொழில் நடத்தலாம் என்று அரசு முடிவெடுத்தது. உதிரிகளைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அதோடு கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. தங்கிய சிலவற்றில் நம் வண்டலூர் ஆலையும் ஒன்று. 1961-ல் அங்கே ஹெரால்டு வந்தது. வட இந்தியாவில் அம்பாசிடரும் மேற்கில் ஃபியட்டும் போல, அறுபதுகளின் சென்னைத் தெருக்களுக்கு ஹெரால்டு சொந்த முகம்.

அந்த முகத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. ஆனால் ஹெரால்டின் உடலை அறிய, அதன் அழகைவிட அதன் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளில் மற்ற கார்கள் சட்டம் தனி, கூடு தனி என்ற பழைய முறையைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கூடாகப் பற்றவைக்கத் தொடங்கியிருந்தன. ஹெரால்டு மட்டும் தனிச் சட்டத்துக்குத் திரும்பிப் போனது. இதற்குக் காரணம் வணிக நெருக்கடி. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல்கூடு அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து கொடுக்க ஆளில்லை. அதனால் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் இடத்தில் அழுத்தி, கடைசியில் போல்ட்டு போட்டு ஒன்றாகப் பூட்டும்படி அந்தக் காரை வகுத்தார்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். அதன் பின்னே நெஞ்சுப் பகுதி ஒரு துண்டு, பின்தொட்டி இன்னொரு துண்டு, மேற்கூரை தனியே போல்ட்டில் நிற்கிறது. இங்கிலாந்தில் தட்டுப்பாட்டுக்குச் சொன்ன இந்த வைத்தியம், கடல் தாண்டி உதிரிகளாகப் பெட்டியில் அனுப்பி வேறொரு நாட்டில் பூட்டுவதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. வண்டலூருக்கு அது வந்ததன் காரணமும் இந்த மூட்டுகளில்தான் இருக்கிறது.

துண்டுகளாகப் பூட்டும் இந்த அமைப்பே ஹெரால்டை விளையாட்டுக் கார்களுக்கும் உறவாக்கியது. ஹெரால்டு ஒரு குடும்பக் கார், அதைப் போய் விளையாட்டுக் கார்களோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இதே சட்டத்தைக் குறுக்கி, மேலே தாழ்ந்த திறந்த உடல் ஒன்றை வைத்து 1962-ல் இங்கிலாந்தில் வெளியிட்டதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதை வரைந்தவரும் மிக்கெலோட்டியே. இரண்டுக்கும் முன்பக்க மூடி ஒரே மாதிரி திறக்கிறது, திசைமாற்றி ஒரே மாதிரி இலகுவானது. 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்டைத் திருப்பிவிடலாம். வெளிநாட்டு விளையாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது எட்டாக்கனியாக இருந்த காலத்தில், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறிக்கொண்டு ஓடின. கூரை போல்ட்டில் நிற்கும் வண்டி என்பதால் அதைக் கழற்றித் திறந்த வண்டியாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. நம் ஊருக்குக் கிடைத்த விளையாட்டுக் கார் இதுவே என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இந்த உடலுக்குப் பெரிய பகை துரு. இன்றைய கார் உடலை, பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு பெருந்தொட்டியில் முழுவதுமாக முக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, கை எட்டாத பொந்துகளுக்குள்ளும் பூச்சு ஏறும்படி செய்கிறார்கள். அறுபதுகளில் அந்த முறையை முன்னின்று கொண்டுவந்தது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம். பின்னாளில் மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்த கார்களுக்கு அந்தக் கவசம் இருந்தது. அறுபதுகளின் ஹெரால்டுக்கு அது இல்லை. துண்டுகள் சேரும் ஒவ்வொரு மூட்டும் நீர் தங்கும் இடம். கதவுக்குக் கீழே ஓடும் சில், கதவின் அடிமடிப்பு, பேட்டரி அமரும் தட்டு, டிக்கியின் தரை, சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் என்று துருவுக்குப் பிடித்த இடங்களைப் பட்டறைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வங்கக் கடலின் உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்த சென்னையில், கவனிப்பார் இல்லாத ஹெரால்டு கீழிருந்து மேலாகக் கரையும்.

அப்படிக் கரையாமல் அதைக் காத்தவர், தகடு தட்டி நிமிர்த்தும் டிங்கர். புதுத் தகட்டுப் பாகம் கிடைப்பது அரிதாகவும் விலையாகவும் இருந்த காலத்தில், ஒடுக்கு விழுந்த மட்கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்டுவது என்ற எண்ணமே நம் பட்டறைகளில் இல்லை. தட்டி நிமிர்த்துவது ஒன்றே வழி. இதன் வேலைமுறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கார் உடலுக்குப் போடும் 20 கேஜ் தகடு என்பது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் தடிமன். அதில் அடி விழும்போது தகடு உள்ளே போவதோடு நிற்பதில்லை, அந்த இடத்தில் விரிந்தும் விடுகிறது. பின்புறமிருந்து வெறுமனே அடித்து வெளியே தள்ளினால், விரிந்த உலோகம் போக இடமின்றி, கையால் அமுக்கினால் டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். ஆகவே டிங்கர் முதலில் பின்னால் டோலி என்னும் இரும்புக் கட்டையை அணைத்துக்கொண்டு, முன்னால் சுத்தியலால் ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தட்டி வருவார். ஒடுக்கு விழுந்தபோது எது கடைசியாக மடங்கியதோ அதை முதலில் நிமிர்த்த வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். மீதி நிற்கும் உப்பலில், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை மட்டும் கேஸ் நெருப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சி, டோலிமேல் வைத்து இரண்டு தட்டு தட்டி, ஈரத்துணியை ஒற்றுவார். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அசையவிடாததால், காய்ந்த இடம் தனக்குள்ளேயே தடித்து, குளிரும்போது சுருங்கித் தன் அளவுக்குத் திரும்பும். இப்படி நாலைந்து காசுகள் வைத்தால் உப்பல் அடங்கிவிடும். அளவுகோலைவிட உள்ளங்கை நன்றாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துத்தான் மேடு பள்ளம் தீர்மானிப்பார்கள். பிறகு மிக நுண்ணிய குறைக்குப் பட்டி, அதன்மேல் தண்ணீர் விட்டு உப்புத்தாள், பிரைமர், டூகோ பெயிண்ட். அதற்கு முந்திய தலைமுறையில் பட்டிக்குப் பதில் ஈயத்தையே உருக்கி இழைத்தார்கள். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசியவர் கண்ட அதே நுணுக்கம் இங்கும் உண்டு. சூடு ஒரு கணம் மிஞ்சினால் ஈயம் ஓடிவிடும், குறைந்தால் ஒட்டாது.

   

இனி வாதத்துக்கு வருகிறேன். புதுப்பித்தல் என்பது வண்டியை ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்குக் கொண்டுபோவதே, டிங்கர்கள் போட்ட ஒட்டும் வெட்டும் பிற்காலக் கறைகள், அவற்றைக் களைந்தால்தான் அசல் தெரியும் என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நாலு அங்குலக் குழியைத் தகட்டால் அடைக்காமல் பட்டியால் நிரப்பியிருந்தால், காந்தத்தை வைத்துப் பார்த்ததும் அது ஒட்டாமல் விழும். விரலால் தட்டினால் சத்தம் மந்தமாக வரும். அதைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் பட்டிக்கு அடியில் துரு தூங்குவதில்லை. ஆனால் ஆலையிலிருந்து வந்த நாளின் நிலை என்று ஒரே ஒரு நிலை ஹெரால்டுக்கு இருந்ததா? துண்டுகளைப் பூட்டும் வண்டி அது. உடல் சட்டத்தின்மேல் அமரும் ஒவ்வோர் இடத்திலும், கதவிடுக்கு சீராக வரும்வரை வாஷர்களையும் ஷிம்களையும் கூட்டியும் குறைத்தும்தான் பூட்டினார்கள். ஒரு வண்டியில் இருந்த எண்ணிக்கை அடுத்த வண்டியில் இருக்க வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கை வண்டலூரில் அன்றைக்கு அந்த வண்டியைப் பூட்டிய தொழிலாளியின் கையெழுத்து. உடலைத் தூக்கும் அவசரத்தில் எல்லா வாஷர்களையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு, பிறகு பளபளவென்று பெயிண்ட் அடித்து அசலை மீட்டுவிட்டோம் என்றால், மீட்டது எதை? இடத்துக்கு இடம் எத்தனை வாஷர் இருந்தது என்று ஒரு தாளில் குறித்துவைக்க அரைமணி நேரம் போதும். பெயிண்டும் அப்படித்தான். ஓர் ஓரத்தை ஈரம் விட்டு உப்புத்தாளால் சரிவாக இழைத்தால், இதுவரை அடித்த வண்ணங்கள் எல்லாம் வளையம் வளையமாகத் தெரியும். அடியில் கிடப்பது ஆலை அடித்த நிறம். நடுவில் கிடப்பவை கைமாறிய வீடுகளின் விருப்பம். முழுவதையும் சுரண்டுவதற்கு முன் அந்த வளையத்தைப் படம் எடுத்துக்கொள்வது பெரிய கோரிக்கை அல்ல.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. கார் அருங்காட்சியகப் பானை அல்ல, அது ஓட வேண்டும், ஓடும்போது மனிதரைக் காக்க வேண்டும், அரித்த தகட்டை வரலாறு என்று சொல்லி வைத்துக்கொள்ள முடியுமா என்பது. முடியாது. குறிப்பாக ஸ்பிட்ஃபயரில் முடியவே முடியாது. ஹெரால்டில் வெளிச் சில் போல்ட்டில் தொங்கும் மூடி மட்டுமே, பாரம் சட்டத்தின்மேல் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில் அப்படியல்ல. சட்டம் நடுவே ஒடுங்கிப் போவதால், வண்டி நடுவில் தொய்யாமல் பிடிப்பது இரு பக்கச் சில்களும்தான். அரித்த சில்லை வெட்டும் முன் கதவு இருந்த வெற்றிடத்தில் குறுக்குக் கம்பி பற்றவைக்காமல் வெட்டினால், உடல் கண்ணுக்குத் தெரியாமல் தொய்ந்துவிடும். புதுச் சில்லைப் பற்றவைத்த பிறகு கதவு மூடாது. அத்தகைய இடத்தில் புதுத் தகடு போட்டே ஆக வேண்டும். பாரம் தாங்கும் இடத்தில் உயிர் முந்தியது, ஆவணம் பிந்தியது. நான் சொல்வது அதற்கு வெளியே உள்ள பெரும்பரப்பைப் பற்றி. மட்கார்டு, கதவு, மூடி, டிக்கி இவற்றில் அடி ஓரம் மட்டும் அரித்திருக்கும்போது, அந்த இரண்டங்குலத்தை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தால் போதும் என்ற நிலையிலும் முழுப் பாகத்தையும் கழித்துவிடுகிறார்களே, அதைத்தான் தவறு என்கிறேன். பழமை வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே பக்கம்தான் நிற்கிறது. முதலில் பாதுகாப்பு, தவிர்க்க முடியாதபோது மட்டும் மீட்டமைப்பு, புதிதாகச் சேர்த்தது எது என்பது பின்னால் தெரிய வேண்டும் என்கிறது அது. மிக்கெலோட்டி பிறந்த ஊரின் பெயரால் அமைந்த சாசனம், அவர் வரைந்த வண்டிக்குப் பொருந்துவதில் வியப்பில்லை.

பாகம்தான் இங்கிலாந்தில் கிடைக்கிறதே, அரித்ததோடு மல்லுக்கட்டுவானேன் என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் அங்கே இன்றும் புதிதாகத் தகட்டுப் பாகம் அழுத்தி விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வண்டலூர் ஆலை இங்கிலாந்தின் நகலாகவே நின்றுவிடவில்லை. அறுபதுகளின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான், நான்கு கதவு அங்கே வந்ததே இல்லை. தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளோடு ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்று புரிந்து செய்த மாற்றம் அது. 1972-ல் வந்த கெஸல் இன்னும் ஒரு படி மேலே போனது. பின்பக்கத்தைத் திருத்தி வரைந்தார்கள். நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிபடாத பின் அச்சமைப்பை மாற்றி வழக்கமான அச்சு வைத்தார்கள். முன்பக்கம் முழுதும் கவிழும் மூடியையும் விட்டுவிட்டார்கள். இந்த வண்டிகளின் பின்கதவுக்கும் பின்பக்கத்துக்கும் உலகத்தில் எங்கும் புதுப் பாகம் கிடையாது. அரித்துப்போனால், மணல் மூட்டைமேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் அடித்துக் குழித்து, நல்ல வண்டி ஒன்றிலிருந்து எடுத்த அட்டை அச்சோடு ஒப்பிட்டு, கையால்தான் செய்ய வேண்டும். இந்தியா தானே திருத்திய கார் உடல் ஒன்று இருந்தது என்பதற்கு மிஞ்சிய சாட்சி அந்தக் கதவுகள்தான். வெளிநாட்டுப் பாகம் கிடைக்கும் இரண்டு கதவு ஹெரால்டைவிட இது அதிகக் கவனத்துக்குரியது என்பது என் துணிபு. ஆனால் சந்தையில் விலை இரண்டு கதவுக்கும் திறந்த கூரைக்கும்தான். நான்கு கதவு வண்டிகளை அறுத்து மற்றவற்றுக்குப் பாகம் எடுப்பது இந்த மண்ணின் வரலாற்றை நாமே அறுப்பதாகும்.

பாகங்கள் எப்படிப் போகின்றன என்பதற்கு அந்த ஆலையின் கடைசி அத்தியாயமே பாடம். 1985-ல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 உடலைக் கொண்டுவந்து ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் விற்றார்கள். அந்த நவீன உடலுக்குள் வைத்தது பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. இஞ்சின். விலை அதிகம், வேகம் குறைவு. 1988-ல் அது நின்றது, ஆலையும் அதோடு ஓய்ந்தது. 2006-ல் கட்டடத்தை இடிக்கும் காலத்தில், கிடங்கில் பயன்படாமல் கிடந்த எஸ்.டி.1 பாகங்கள் முழுவதையும் இங்கிலாந்தின் பாக விற்பனை நிறுவனமான ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனது. பெருங்களத்தூரில் கிடந்த தகடு இங்கிலாந்தின் பழைய கார்களை உயிர்ப்பிக்கப் போயிற்று. அவர்கள் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய தகட்டின் மதிப்பு தெரிந்தவர் வாங்கினார். தெரிந்தவர் நம்மிடையே அன்று போதிய அளவில் இல்லை.

இன்று சட்டமும் இந்த விஷயத்துக்குள் வந்துவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமை வாகனங்களுக்கென்று விதி வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழமை வாகனமாகப் பதியலாம், வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண் வரிசை கிடைக்கும், கட்டணம் 20,000 ரூபாய். ஹெரால்டுகள் எல்லாம் இந்த வயதைக் கடந்துவிட்டன, கெஸல்கள் ஒவ்வொன்றாகக் கடந்துவருகின்றன. ஆனால் விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சட்டத்திலோ உடல்கூட்டிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. துரு விழுந்த ஓரத்துக்கு ஒட்டுப் போட்ட வண்டி இந்த வரையறைக்குள் இயல்பாக வரும். கூரையை அறுத்து, விளக்கை மாற்றி, பின்பக்கத்தை இழுத்து, விருப்பப்படி விளையாட்டுக் காராக்கிய வண்டி வராது. காப்பாற்றும் முறைக்கு அழகுணர்ச்சியைத் தாண்டி இப்படி ஒரு நடைமுறைப் பயனும் சேர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. இப்படித் தட்டி எடுக்கத் தெரிந்த ஆள் எங்கே என்பது. இன்றைய பட்டறைகளில் காப்பீட்டுக் கணக்குக்கு ஏற்ப, ஒடுக்கு விழுந்த கதவைக் கழற்றிப் புதிது மாட்டுவதே வேகமான வழியாகிவிட்டது. சூடு வைத்துச் சுருக்கும் கை, ஈயம் இழைக்கும் கை வயதாகி வருகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்டு, ஹூண்டாய் என்று கார் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த இந்தப் பகுதியில் ஐ.டி.ஐ.க்களும் பாலிடெக்னிக்குகளும் நிறைய இருக்கின்றன. எந்திரக்கை பற்றவைக்கும் முறையைக் கற்கும் மாணவர், ஒரு பருவம் டோலியும் சுத்தியலும் பிடித்தால் இழப்பது ஒன்றுமில்லை. தகடு விரிவதும் சுருங்குவதும் இரண்டு தொழிலுக்கும் பொதுப் பாடம். கற்றுக்கொடுக்கத் தெரிந்த மேஸ்திரிகள் தாம்பரம், குரோம்பேட்டைப் பட்டறைகளிலும் புதுப்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள், அழைப்பவர்தான் இல்லை.

ஹெரால்டோ கெஸலோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைப் பட்டறைக்கு விடும் முன் நான்கு பக்கமும், அடிப்பக்கமும், கதவு மடிப்பும் படம் எடுங்கள். வாஷர்களை எண்ணி இடவாரியாகப் பையில் கட்டுங்கள். வெட்டி எடுத்த தகட்டுத் துண்டையும் பெயர்ப்பலகையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் நான்கு கதவு ஹெரால்டு ஒன்று துருப்பிடித்து நின்றால், அது ஓடாது என்று தெரிந்தாலும், அதன் பின்கதவுகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அவற்றை அச்சாக வைத்துத்தான் அடுத்த வண்டிக்குக் கதவு அடிக்க முடியும்.